இடது ஓரத்தில் கட்டைவிரல்

அலுவலகத்தில் அவனுக்கு ‘எதிர்பார்க்கலாம்’ என்று பெயர். இனிமேல்தான் வரப்போகிற லேப்டாப்களைப் பற்றி முன்கூட்டியே எழுதுவது அவன் வேலை. கண்ணால் பார்க்காத பொருளைப் பற்றி எழுதுகிறவன் வாக்கியத்தை வேறு எப்படி முடிப்பான்? எடை சற்றுக் குறையும் என எதிர்பார்க்கலாம். பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என எதிர்பார்க்கலாம். காலையில் அவன் உள்ளே நுழைந்ததும் பக்கத்து மேசையில் படம் வரைகிற பெண் தலையைக்கூட நிமிர்த்தாமல், “எதிர்பார்க்கலாம் சார், இன்னிக்கு மழை வருமா?” என்பாள். அவனும் சிரித்துவைப்பான்.

கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு வரவில்லை. அந்த நகரத்திலேயே பெரிய லேப்டாப் நிறுவனம் புது மாடல் ஒன்றை வெளியிடப் போகிறது. வாசகர்கள் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். சொந்தக்காரர்களும் விடவில்லை. மைத்துனன் வாரம் தவறாமல் போன் செய்தான்.

“மாமா, இப்பவே பழைய மாடல வாங்கிடவா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கவா? அக்காகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா.”

“நான் எழுதுறத நீ படிக்கிறதில்லையாடா?”

“படிச்சேன் மாமா. எல்லாத்தையும் எதிர்பார்க்கலாம்னு போட்டிருக்கீங்க. அத நானே எதிர்பார்த்துக்குவேனே!”

மைத்துனனின் அக்கா, அதாவது அவன் மனைவி, அந்த நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். அதுவும் லேப்டாப் மூடியையும் கீலையும் சோதிக்கிற அறையில். ஊரே காத்திருக்கும் அந்தப் புது லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதும்தான் அவளுக்குப் பகல் முழுவதும் உத்தியோகம். வேலைக்குப் போகும்போது போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது விரல்களில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அறையில் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். கேட்பதில்லை என்று அவன் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தான். இரண்டு பேரும் சொன்ன சொல் காப்பாற்றினார்கள்.

“வீட்ல வெண்ணெய வச்சிக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலையிறியேப்பா,” என்று ஆசிரியர் பெருமூச்சு விடுவார்.

அந்த வெண்ணெயால் அவனுக்குக் கிடைத்தது நஷ்டம் மட்டும்தான். புது மாடலைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே காட்டும்போது நிறுவனம் அவனை மட்டும் அழைக்காது. உள்ளே வேலை பார்ப்பவளின் கணவன் என்பதால் அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு நெருங்கிய உறவு என்பதற்காகவே பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி ஆயிற்று அவன் நிலைமை.

வெளியே இருந்து வந்த வயிற்றெரிச்சலுக்கு ஒரு ஆள் இருந்தான். போட்டி இணையதளத்தில் எழுதுகிற அவனை எல்லாரும் முந்திரி என்பார்கள். எந்தச் செய்தியானாலும் முந்திரிக்கொட்டையாக முதலில் போய் நிற்பவன். வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காபிக் கடையில் அவனைப் பார்க்க நேர்ந்தது.

“வாங்க தலைவரே, கட்டுரை எழுதியாச்சா?”

“எழுதிட்டே இருக்கேன்.”

முந்திரி தன் வலது உள்ளங்கையை விரித்து, புதுக் கல்யாணப் பெண் மோதிரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “நேத்து இந்தக் கையாலதான் தொட்டேன். இதுக்கு மேல கேக்காதீங்க. சொன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க.”

“நான் ஒண்ணும் கேக்கலயே?”

“நீங்க கேக்கல. உங்க மூஞ்சி கேக்குதே!” காபியை உறிஞ்சிவிட்டு முந்திரி குரலைத் தாழ்த்தினான். “ஆமா, வீட்ல உண்மையாவே ஒரு வார்த்தகூட சொல்ல மாட்டாங்களா?”

“மாட்டா.”

“பெரிய மனசுதான் சார் உங்களுக்கு. நானா இருந்தா சோறு இறங்காது.”

அவனுக்கும் இறங்கவில்லைதான்.

வீட்டில் இருந்த எரிச்சல் வேறு வகை. அந்தச் சோதனை அறையில் அவளோடு வேலை பார்க்கும், ஹிஞ்ச் என்கிற கீலுக்குப் பொறுப்பான இன்ஜினியரை அவள் ‘ஹிஞ்ச் அண்ணா’ என்பாள். மாலையில் அவரிடமிருந்து போன் வரும். புது லேப்டாப்புக்கு அந்த அறைக்காரர்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் மட்டும் அவனுக்குத் தெரியும். போன் பேச்சில் காதில் விழுந்தது.

“என்ன அண்ணா, நான் கிளம்பின பிறகு மாப்பிள்ளை மறுபடி முறுக்கிக்கிட்டாரா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரிப்பாள். அவன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திக் காது கொடுப்பது தெரிந்ததும் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். அதன் பிறகு சத்தமில்லாமல் அவள் சிரிப்பது மட்டும் தெரியும்.

அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா என்று அவன் மனம் கேட்கும். அது கேவலமான கேள்வி என்று அவனுக்கே தெரியும். மனைவி மேல் அந்த மாதிரியான சந்தேகம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் வாய்விட்டுக் கேட்டுச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதைக் கேட்கவும் வழியில்லை. அவள் வாழ்க்கையில் ஒரு பகுதி அந்த அறைக்குள் நடக்கிறது. அதில் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் அந்த ஆளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

காபிக் கடையிலிருந்து எரிந்துகொண்டு வீட்டுக்கு வந்த அன்று மாலைதான் அவன் அதைக் கவனித்தான்.

சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய பழைய லேப்டாப் மூடிக் கிடந்தது. அம்மாவோடு வீடியோவில் பேச அவள் வந்து உட்கார்ந்தாள். மூடியைத் தூக்குவதற்குப் பதிலாக, இடது கைக் கட்டைவிரலை லேப்டாப்பின் இடது ஓரத்தில் வைத்து எடுத்தாள். எடுத்த கையை விலக்கிக்கொண்டு, லேசாகப் பின்னால் சாய்ந்து, அழைப்பு மணியை அடித்துவிட்டுக் கதவு திறக்கக் காத்திருக்கிறவள் மாதிரி ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. “சே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, உதட்டோரம் சின்னதாகச் சிரித்துவிட்டு, மூடியைக் கையால் தூக்கித் திறந்தாள்.

பால்கனிக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் பார்த்த அதே சிரிப்பு.

அன்றிலிருந்து அவன் கண்கொத்திப் பாம்பாகிவிட்டான். அவளுக்கு முன்னால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நாளிதழைப் பிரித்துக்கொள்வான். “கொஞ்சம் அந்த சமையல் வீடியோவப் போடேன்,” என்பான். “உங்கம்மா கூப்பிட்டிருந்தாங்க போல,” என்பான். ஒவ்வொரு தடவையும் இல்லை. களைப்பாக வந்த நாட்களில் மட்டும் கட்டைவிரல் இடது ஓரத்துக்குப் போயிற்று. போன ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு மூச்சுக் காத்திருப்பு இருந்தது. வெளியீட்டுக்கு முந்தின வாரத்துக்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புது லேப்டாப்பின் மூடியைத் தூக்க வேண்டாம். தொட்டால் தானே திறக்கும்.

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினான். எடை, பேட்டரி, விலை எல்லாம் வழக்கம்போல வந்துபோயின. நடுவில் ஒரு பத்தி மட்டும் வேறு குரலில் இருந்தது. ‘மூடியைத் தூக்க வேண்டியதில்லை. இடது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து எடுத்தால் போதும். கையை விலக்கிக்கொண்டு ஒரு மூச்சு விடுவதற்குள், யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறப்பதுபோல மூடி தானாக எழும்.’ திரும்பப் படித்துப் பார்த்தான். இதுவரை எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று தோன்றியது.

மனைவியை நினைக்காமல் இல்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யார் பேச்சும் தவறவில்லை என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்தான்.

கட்டுரை வெளியான அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. ஆசிரியர் எழுந்து வந்து தோளில் தட்டினார். படம் வரைகிற பெண், “இனிமே உங்களுக்கு வேற பேரு வைக்கணும் சார்,” என்றாள். முந்திரி போன் செய்தான்; குரலில் குழைவு இல்லை.

“யாருங்க சொன்னது உங்களுக்கு?”

“யூகம்தான்.”

“தொட்டுப் பாத்த நானே வாய மூடிட்டு இருக்கேன், நீங்க யூகிச்சீங்களா? நல்லாருங்க!” என்று பட்டென்று வைத்துவிட்டான்.

அடுத்தவன் வயிறு எரிகிற வாசனை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. வீடு வரைக்கும் அதை முகர்ந்துகொண்டே வந்தான்.

அவள் அவனுக்கு முன்பே வந்திருந்தாள். செருப்பைக் கழற்றாமல், தோள் பையை இறக்காமல் சாப்பாட்டு மேசை அருகில் நின்றிருந்தாள்.

“அந்த ஒரு மூச்சு எங்கேருந்து வந்துச்சு?”

“எந்த மூச்சு?”

“கைய எடுத்துட்டு ஒரு மூச்சு விடுறதுக்குள்ளன்னு எழுதிருக்கீங்களே, அது.”

“சும்மா ஒரு யூகம்...”

“பொய் சொல்லாதீங்க. மூடி தானா திறக்கும்னு யாரு வேணாலும் யூகிக்கலாம். இடது பக்கம்னுகூட யூகிக்கலாம். அந்த மூச்ச யூகிக்க முடியாது.” அவள் குரல் உயரவே இல்லை. “கடைக்கு வரப்போறது தொட்ட உடனே திறக்கும். பத்திரிகைக்காரங்களுக்குக் காட்டினதும் அதுதான். மொதல்ல செஞ்ச நாலஞ்சு பீஸ்லதான் உள்ள இருக்குற மோட்டார் மந்தம், தொட்டுட்டு காத்திருக்கணும். அதுங்க எங்க ரூம விட்டு வெளிய போனதே இல்ல. நானும் அண்ணாவும் இன்னும் அதத்தான் திறந்து மூடித் தேய்மானம் பாக்குறோம். இப்ப சொல்லுங்க, அந்த மூச்சு யாருகிட்டேருந்து போயிருக்கும்?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அந்த ரூம்ல பத்திரிகைக்காரரக் கட்டிக்கிட்டவ நான் ஒருத்திதான்,” என்றாள் அவள். “காலையில மேனேஜர் மேடம் கூப்பிட்டு, வேலைய விட்டுப் போயிடுன்னாங்க. நான் யாருகிட்டயும் சொல்லலன்னு சொன்னேன், நம்பல. அப்ப அண்ணாதான் எழுந்து நின்னாரு. ‘இவ வாயிலேருந்து போயிருக்காது. போயிருந்தா என்னையும் சேத்து அனுப்பிடுங்க’ன்னாரு. அதனால நாளைக்குக் காலையில பேசிக்கலாம்னு விட்டிருக்காங்க.”

அந்த நேரத்தில் அவனுக்கு முதலில் வந்திருக்க வேண்டியது வெட்கம். வந்தது அது இல்லை. என் பெண்டாட்டிக்கு ஜாமீன் நிற்க இவன் யார் என்ற கேள்விதான் முதலில் வந்தது. வெட்கம் பின்னாலேயே வந்தது என்றாலும், வரிசையில் அது இரண்டாவதுதான்.

“நீ சொல்லல,” என்றான். “உன் கை சொல்லுச்சு.”

எழுந்து போய் மேசையில் இருந்த பழைய லேப்டாப்பின் இடது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து எடுத்துக் காட்டினான். பின்னால் சாய்ந்தான், காத்திருந்தான், “சே” என்றான். உதட்டோரச் சிரிப்பைக்கூட விடவில்லை. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“எத்தன நாளா பாத்துட்டு இருக்கீங்க?”

“கொஞ்ச நாளா.”

“அன்னிக்கு சமையல் வீடியோ கேட்டீங்களே, அப்பவும்?”

அவன் தலையாட்டினான்.

“நீங்க பக்கத்துல வந்து உக்காந்தப்பல்லாம், நம்மகூட இருக்கணும்னு தோணுது போலன்னு நினைச்சேன்,” என்றாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது அவனும் சட்டையை மாட்டிக்கொண்டான்.

“நீங்க எதுக்கு?”

“நான்தானே பண்ணேன், நான்தானே வந்து சொல்லணும்.”

கேட்பதற்கு யோக்கியமாகத்தான் இருந்தது. அவளுக்காக இன்னொரு ஆள் எழுந்து நின்ற இடத்தில் தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதும் அதில் பாதி. அந்தப் பாதியை அவன் வெளியே சொல்லவில்லை.

இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. போனை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். மேனேஜர் மேடம் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த பெண்மணி. தன்னுடைய லேப்டாப்பை மேசைமேல் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஹிஞ்ச் அண்ணா. தொப்பையும் வழுக்கையுமாக ஒரு மனிதரை அவன் தன் மனநிம்மதிக்காகக் கற்பனை செய்துவைத்திருந்தான். வந்தவனோ அவன் பயந்ததைவிட அழகாக, அவனைவிட இளையவனாக இருந்தான்.

கட்டைவிரலைக் கவனித்ததிலிருந்து நடந்ததையெல்லாம் கணவன் சொன்னான். மேனேஜர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பொண்டாட்டி கட்டைவிரலப் பாத்து ஒரு லேப்டாப்பக் கண்டுபிடிச்சீங்க. இத நான் மேல போயி சொன்னா என்னைப் பாத்து சிரிப்பாங்க சார்.”

“உண்மை அதாங்க.”

“வீட்ல இருக்குறது வேற லேப்டாப்பு. கை எப்படி அங்க போகும்? யாராவது அப்படிச் செய்வாங்களா?” அவர் அலுத்துப்போய்த் தன் லேப்டாப்பை இன்ஜினியர் பக்கம் தள்ளினார். “தம்பி, இவர் சொன்னத எழுதிக்க. கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடலாம்.”

ஹிஞ்ச் அண்ணா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். இடது கைக் கட்டைவிரலை அதன் இடது ஓரத்தில் வைத்து எடுத்தான். கையை விலக்கிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, காத்திருந்தான்.

அது சாதாரண, பழைய மாடல் லேப்டாப். திறக்கவில்லை.

மேனேஜர் அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். தன் விரல் எங்கே போயிற்று என்பது இன்ஜினியருக்கே அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, மேடம்!” என்று அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அதுவரை கல் மாதிரி இருந்த அவளுக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. “அண்ணா, நீங்களுமா?” என்றாள். “எனக்கு வீட்ல டிபன் பாக்ஸத் திறக்கும்போதே இப்படித்தான்மா ஆகுது!” என்றான் அவன். மேனேஜர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கணவன் சொன்னது நிரூபணமாகிவிட்டது. அவளுடைய வேலை பிழைத்துவிட்டது. அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள அவனும் வாயைத் திறந்து பார்த்தான், சேரவில்லை. அதைக் கிளப்பிவிட்டவன் அவன்தான். ஆனாலும் பால்கனிக் கண்ணாடி அவனுக்கு முன்னால் அப்படியே நின்றது.

வழியனுப்பும்போது மேனேஜர் அவனைத் தனியாக நிறுத்தினார். “அவ வாய நாங்க நம்புறோம். உங்க கண்ணத்தான் நம்ப முடியாது. இனிமே அவள அந்த ரூம்ல வைக்க முடியாது சார். பழைய மாடல் ரிப்பேர் செக்‌ஷனுக்கு மாத்துறேன். அவளுக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும்.”

அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி அவள் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. அவன் எதிரில் இருந்தால் லேப்டாப்பைத் தொடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மாவோடு போனிலேயே பேசினாள். மாலையில் அண்ணாவிடமிருந்து போன் வந்தால் இப்போது பால்கனிக்குப் போவதில்லை. அவன் முன்னாலேயே, “நல்லாருக்கேன் அண்ணா, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டு, இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். மாப்பிள்ளையைப் பற்றிப் பேச அவளுக்கும் இனி ஒன்றும் இல்லை. அவன் கேட்க ஆசைப்பட்ட பேச்செல்லாம் நின்றுபோய்விட்டது.

வெளியீட்டு நாள் வந்தது. முந்திரி அரங்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டிருந்தான். நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகும் நேரத்துக்கு, அழைப்புக் கிடைக்காத இவன் வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள், முகம் கழுவித் தலை வாரி, எங்கோ போகக் கிளம்பியவள் மாதிரி. பழைய லேப்டாப் மூடியபடி அவர்களுக்கு நடுவில் இருந்தது.

“ஆரம்பிச்சிருப்பாங்க,” என்றான்.

“நீங்களே திறங்க,” என்றாள். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் வைத்து மடியில் கோத்துக்கொண்டாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மேடையில் யார் பேசுவார்கள், அந்த அண்ணா கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருப்பான், இவள் கண் யாரைத் தேடும் என்று யோசித்துக்கொண்டே கையை நீட்டினான். கட்டைவிரல் இடது ஓரத்தில் போய்ப் படிந்து எழுந்தது. கையை விலக்கிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, காத்திருந்தான்.

ஆயுளில் ஒரு தடவைகூடத் தொட்டிராத லேப்டாப்புக்காக.

மூடி அப்படியே கிடந்தது. அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு, பல நாட்களுக்குப் பிறகு, வந்து நின்றது.

அது தன்னைப் பார்த்து வந்த சிரிப்பா, மாப்பிள்ளையை நினைத்து வந்த சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் மூடியைக் கையால் தூக்கித் திறந்தான்.